விரல் தின்னும் பியானோ

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நோபுஹிகோ ஓபயாஷியின் 'ஹவுஸ்' (1977) படத்தைத் தோழிகளோடு பார்த்தேன். பியானோ ஒரு பெண்ணின் விரல்களைக் கடித்துத் தின்கிறது. கிணற்றிலிருந்து எழும்பும் வெட்டுண்ட தலை இன்னொருத்தியின் பின்புறத்தைக் கடிக்கிறது. நாங்களோ வயிறு வலிக்கச் சிரித்தோம். படம் முடிந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் பெண்கள் ஒவ்வொருவராகச் சாகிற கதைக்கு எப்படிச் சிரித்தோம்? இது பயமுறுத்தத் தெரியாமல் எடுத்ததா, வேண்டுமென்றே செய்த கேலியா? இதைப் போய் ஏன் இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள்?

இப்படிக்கு,
உங்கள் வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டுமென்றே எடுத்ததுதான். பயமுறுத்தத் தெரியாதவர் கையில் அந்த வாழைப்பழக் காட்சி தற்செயலாக அமையாது. (காப்பாற்ற வர வேண்டிய வாத்தியார் வாழைப்பழக் குவியலாக மாறிவிடுகிறாரே, அதைச் சொல்கிறேன். அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.)

'ஜாஸ்' என்ற ஹாலிவுட் சுறாமீன் படம் உலகமெங்கும் பணத்தை அள்ளிய சமயம். ஜப்பானின் தோஹோ நிறுவனம் அதுபோல ஒரு படம் வேண்டும் என்று ஓபயாஷியிடம் கேட்டது. அவர் அப்போது விளம்பரப் படங்களில் பேர்போனவர், ஹாலிவுட் நடிகர் சார்லஸ் பிரான்சனை வைத்தெல்லாம் எடுத்தவர். அவர் போய் யோசனை கேட்டது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் சிகுமியிடம். கண்ணாடியில் தெரியும் உருவமே நம்மைத் தாக்கினால்? கிணற்றிலிருந்து இழுக்கிற தர்பூசணி ஒரு தலையாக இருந்தால்? பியானோ விரலைக் கடித்தால்? எல்லாம் அந்தச் சிறுமி சொன்னவை. மூலக்கதைக்கு அவள் பெயரையே போட்டார்கள். திரைக்கதை தயாரான பிறகும் ஸ்டுடியோவில் இருந்த இயக்குநர்கள் யாரும் அதைத் தொட விரும்பவில்லை. கடைசியில் ஓபயாஷியே இயக்கினார்.

ஆக, நீங்கள் பார்த்தவை ஒரு குழந்தையின் பயங்கள். அதனால்தான் துண்டான விரல்கள் அதன் பிறகும் கட்டைகளில் வாசித்துக்கொண்டிருக்கின்றன, குங்ஃபூ என்ற பெண் போன பிறகும் அவள் கால்கள் மட்டும் பறந்து வந்து உதைக்கின்றன. தந்திரக் காட்சிகள் பொய்யாகவே தெரிய வேண்டும், குழந்தை செய்தது போல இருக்க வேண்டும் என்று அவரே விரும்பினார். சாம் ரைமியின் 'ஈவில் டெட் 2' படத்திலும் ரத்தத்துக்கு நடுவே சிரிக்கிறோம். ஆனால் அங்கே, சொந்தக் கையிடமே அடிவாங்கும் ஒருவன் படும் பாட்டைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது. இங்கே பாடுபட ஆளே இல்லை. பியானோ கடித்த அந்தப் பெண் மெலடி, தன் விரல் போன கையை வியப்போடு பார்க்கிறாள், அவ்வளவுதான்.

சரி, அந்த 'ஒரு மாதிரி' ஏன் வந்தது? கதாநாயகி தன் தாயின் சகோதரியைப் பற்றிச் சொல்லும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பழைய ஊமைப்படம் போல அது ஓடுகிறது. காதலன் போருக்குப் போகிறான், திரும்பவில்லை. தோழிகள் சினிமா பார்ப்பது போல நடுநடுவே கமெண்ட் அடிக்கிறார்கள். அணுகுண்டின் காளான் மேகம் வருகிறது. ஒருத்திக்கு அது பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கிறதாம்!

ஓபயாஷி 1938இல் ஹிரோஷிமா மாநிலத்தின் ஒனோமிச்சியில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது அவருக்கு வயது 7. அவர் படத்தில் வருகிற வசனம் இது. அந்தப் பெண்களை அவர் திட்டவில்லை. போருக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்களுக்கு அது வெறும் படம்தானே? ஆனால் பெண்கள் சாகிற அந்த வீட்டின் சொந்தக்காரியான அந்தச் சகோதரிக்குப் போர் முடியவே இல்லை. காத்திருந்தே செத்துப்போனவள், கல்யாணமாகாத பெண்களைத் தின்றால்தான் மணப்பெண் உடை உடுத்த முடியும். படம் உங்களை முதலில் அந்தப் பெண்களோடு உட்கார வைத்துக் கூடவே சிரிக்க விடுகிறது. கிழவியின் பக்கம் நின்று பார்க்கச் சொல்வது அப்புறம்தான். நீங்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் தோழிகள் ஒருவேளை வரவில்லையோ என்னவோ, அதுவும் குற்றமில்லை.

இப்படிச் சொன்னதும் ஒவ்வொரு காட்சிக்கும் போரை வைத்து விளக்கம் எழுத ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். மூலையில் ஓர் எலும்புக்கூடு சும்மா நின்று ஆடுகிறது, ஆடட்டும். பாதிப் படம் வெறும் விளையாட்டு. எனக்குக் குறையும் உண்டு: அந்த இனிப்பான மெட்டை முதல் அரைமணி நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கையில் பொறுமை போய்விடுகிறது. சோப்பு விளம்பரம் போன்ற அந்தப் பளபளப்பு, பிறகு கிழித்துப் போடத்தான் என்று தெரிந்திருந்தும்.

கொண்டாட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஜப்பானில் இளைஞர்கள் அப்போதே ஓடிப்போய்ப் பார்த்தார்கள், விமர்சகர்கள்தான் முகம் சுளித்தார்கள். அமெரிக்கத் திரையரங்குகளுக்கு முறையாகப் போய்ச் சேர 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இன்னொன்று. 'ஹவுஸ்' எடுப்பதற்கு முன்பே ஓபயாஷி எழுதி வைத்திருந்த ஒரு திரைக்கதை உண்டு, போர்க்கால இளைஞர்களைப் பற்றியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, நுரையீரல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே அதை 'ஹனகதாமி' என்று 2017இல் எடுத்து முடித்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். அதில் அவர் போரைப் பஞ்சுமிட்டாய்க்குப் பின்னால் மறைக்கவில்லை. கிடைத்தால் பாருங்கள்.

அன்புடன்.