‘ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடு’ என்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: ஈரோட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் காரை வலதுபுறம் திருப்பும்போது எதிரே வந்த பைக் மோதிவிட்டது. பைக்கில் வந்தவருக்குக் கால் எலும்பு முறிவு. அவரும் வேகமாகத்தான் வந்தார். ஆனால் பதற்றத்தில் ஸ்டேஷனில் ‘என் கவனக்குறைவுதான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று இரவே அவருடைய அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் ‘என் தப்புதாண்ணே, மன்னிச்சிடுங்க’ என்று வாய்ஸ் மெசேஜும் அனுப்பினேன். இப்போது கோர்ட் சம்மன் வந்திருக்கிறது. ‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினா ஒரே நாள்ல முடிஞ்சிடும்’ என்கிறார்கள். அவர்கள் இழப்பீடு கேட்டும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், மூன்றாவது இடத்திலும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். யாரிடம் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்து மூன்றுக்கும் மதிப்பு வேறு.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு இதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் அதுவே 23-வது பிரிவு. ஆனால் இந்தப் பாதுகாப்பு கிரிமினல் வழக்கை மனதில் வைத்து எழுதப்பட்டது. அவர்கள் போட்டிருக்கும் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்திலும் இது காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள்.

வாய்ஸ் மெசேஜ் அப்படியல்ல. அந்த அண்ணன் போலீஸ் இல்லையே! மின்னணுச் சாட்சியத்துக்கு அதே அதினியத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழோடு அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்யலாம். இங்கிலாந்தில் 2006-ல் வந்த இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்துக் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்கிறது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. இருந்தாலும், அடிபட்டவர் வீட்டாரிடம் ராத்திரி பதறிப்போய்ச் சொன்ன வார்த்தையை எந்த நீதிபதியும் அந்தச் சூழலோடு சேர்த்துத்தான் எடைபோடுவார். அந்த மெசேஜை அழிக்காதீர்கள். அழித்தாலும் அவர் போனில் இருக்கும், அழித்தது வேறு கேள்வியைக் கிளப்பும்.

மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லப்போவதுதான் கனமானது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதனால் சார்ஜ் ஷீட்டில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது), 125(பி) (கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்துவது) பிரிவுகள் இருக்க வாய்ப்பு அதிகம். ‘ஃபைன் கட்டினால் முடிந்தது’ என்பவர்கள் பழைய தண்டனைச் சட்டத்தின் ஞாபகத்தில் பேசுகிறார்கள். அப்போது கொடுங்காயத்துக்கான 338-வது பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, 1,000 ரூபாய் அபராதம். இப்போது 125(பி)-யில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தோடு விடுவதும் உண்டுதான், ஆனால் அது மாஜிஸ்திரேட் கையில் இருக்கிறது. அபராதம் மட்டும் என்றாலும் அது தண்டனைதான். நாளை ஏதாவது விண்ணப்பத்தில் ‘எந்த வழக்கிலாவது தண்டனை பெற்றதுண்டா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். அப்புறம் மேல்முறையீடு போகலாம் என்றால், நீங்களே ஒப்புக்கொண்ட வழக்கில் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டுமே பேச முடியும்.

இது இழப்பீட்டு வழக்கையும் தொடும். விசாரணை நடந்து கிரிமினல் கோர்ட் தரும் தீர்ப்பு தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. நீங்களாக ஒப்புக்கொண்டால் அது உங்கள் வாய்மொழியாகவே அங்கே போய் நிற்கும். அது முடிந்த முடிவல்ல, விளக்கம் சொல்ல இடம் உண்டு. ஆனால் ‘அலைச்சல் வேண்டாமென்று கட்டினேன்’ என்ற விளக்கத்தைத் தீர்ப்பாயங்கள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருக்கின்றன. பைக்காரர் வேகமாக வந்தார், தவறில் அவருக்கும் பங்குண்டு, இழப்பீட்டில் அந்த அளவு குறைக்க வேண்டும் என்ற வாதம் உங்களிடம் இருக்கிறது. அதற்கான கதவை நீங்களே பாதி மூடிவிடுவீர்கள்.

பணம் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனிதானே என்று தோன்றலாம். பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அடிபட்டவருக்குத் தர வேண்டியதை இந்த ஒரு காரணத்துக்காகக் கம்பெனி மறுப்பது கடினம். ஆனாலும் வழக்கு முழுக்க உங்கள் பக்கம் நிற்க வேண்டிய கம்பெனியோடு எதற்கு உரசல்?

நடந்தது முழுக்க உங்கள் தவறுதான் என்றால் ஒப்புக்கொள்வதில் கேவலம் ஒன்றும் இல்லை. அதை ஆவணங்களைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வாய்தா அன்று ஒரு வக்கீலோடு போய், சார்ஜ் ஷீட், ரஃப் ஸ்கெட்ச் (விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த படம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு அவகாசம் வாங்குங்கள். கார் எந்தப் பக்கம் அடிவாங்கியிருக்கிறது, பைக் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போய் விழுந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். அடிபட்டவர் சமாதானத்துக்குச் சம்மதித்தால் 125-ஐக் கோர்ட் அனுமதியோடு ராஜி செய்யலாம். 281 ராஜி ஆகாது, அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

இழப்பீட்டு வழக்கின் நோட்டீஸ் நகலை இந்த வாரமே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவ நினைத்தால், கம்பெனியிடம் எழுதிக் கேட்டுவிட்டு, ‘மனிதாபிமான உதவி, பொறுப்பை ஏற்றதாகாது’ என்று எழுதிய ரசீதோடு கொடுங்கள்.