நூதனசாலைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள்

கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு மட்டக்களப்புக்கு வருகிறோம், இங்குள்ள நாட்டார் கலைகளையும் பழைய வாழ்க்கையையும் காட்ட நூதனசாலை ஏதும் இருக்கிறதா, போனால் பிரயோசனம் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. காத்தான்குடி பூர்வீக நூதனசாலைக்குப் போங்கள். ஆனால் நீங்கள் மட்டும் போகாதீர்கள், எழுபது வயதுக்குக் கிட்டிய இந்தப் பக்கத்து ஆள் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் அங்கே இரண்டு தரம் போயிருக்கிறேன். முதல் தரம் நானும் மகளும் மட்டும். கிழக்கு முஸ்லிம்களின் அந்தக் காலத்து வாழ்க்கையை ஆளுயர உருவங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள், பழைய பாவனைப் பொருட்களும் இருக்கின்றன. பெயரை வாசித்தோம், அடுத்ததற்கு நகர்ந்தோம், அரை மணித்தியாலத்தில் வெளியே வந்து ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். மகளுக்குப் பத்து வயது. என்ன பார்த்தாய் என்று கேட்டால் "பொம்மைகள்" என்றாள். எனக்கு அது கவலையாகப் போய்விட்டது.

இரண்டாம் தரம் அம்மா வந்தார். அவர் வாவிக்கு மேற்கே உள்ள வயல் பகுதியான படுவான்கரையில் வயல் செய்த குடும்பத்தில் பிறந்தவர், இப்போது எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலியோடு மெல்ல மெல்லத்தான் நடந்தார். நெல் அளக்கும் மரைக்காலைக் கண்டதும் நின்றுவிட்டார். "இஞ்ச பாரு கிளி, களத்தில நெல்லை நெல்லெண்டு சொல்லக்கூடா, பொலியெண்டுதான் சொல்லணும்" என்று பேத்திக்குச் சொல்லத் தொடங்கினார். ஏன் சொல்லக்கூடாது என்று இவள் கேட்க, பூதம் கேட்டால் விளைச்சலைக் கொண்டுபோய்விடும், அதனால் சூடு அடிக்கிற, அதாவது கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கிற இடத்தில் மாட்டுக்கும் பெட்டிக்கும் கம்புக்கும்கூட வேறு பெயர் வைத்துத்தான் கூப்பிடுவோம் என்று அம்மா சொன்னார். ஒரு மரைக்காலுக்குள் இவ்வளவு இருந்தது. எழுதி ஒட்டிய பெயரை வாசித்த எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.

அப்புறம் வெற்றிலை வட்டா. பித்தளையில் காலோடு இருக்கும் அந்தத் தட்டு, மட்டக்களப்பில் விருந்தாளி வந்தால் முதலில் முன்னுக்கு வைப்பது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு முஸ்லிம் மூத்தம்மாவும் என் அம்மாவும் கதைக்கத் தொடங்கி, யார் வீட்டில் எத்தனை வட்டா இருந்தது, கல்யாணத்துக்கு எப்படிச் சொல்லப் போவார்கள், பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வாப்பாமார் என்ன பாடு பட்டார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. தமிழரான எங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் குடி, அதாவது குலம், தாய்வழிதான். இரண்டு பக்கத்திலும் வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெரிய வயல்காரரைக் குறிக்கும் போடியார் என்ற சொல்லும் வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானை என்ற பதவியும் இரண்டு சனத்துக்கும் பொதுவானவை. இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் இரண்டு கிழவிகள் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று ஒரே வாழ்க்கையைப் பற்றிக் கதைப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாக விளங்கியது. யுத்த காலத்தில் எங்கள் இரண்டு சனத்துக்கும் இடையில் நடந்த வன்முறைகளை அறிந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு அங்கே இரண்டரை மணித்தியாலம் இருந்தோம்.

போகிற வழி சுகம். பட்டினத்திலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி கல்முனை வீதியில் போனால், நடுவீதியில் பேரீச்சை மரங்கள் நிற்கும் ஊர் வரும், அதுதான் காத்தான்குடி. வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத் தவிருங்கள், ஜும்மா நேரம். முதல்நாளே திறந்திருக்குமா என்று விசாரித்துவிட்டுப் போவதும் நல்லது. வழியில் கல்லடியில் சுவாமி விபுலானந்தரின் சமாதியில் இறங்கிப் பாருங்கள். பழந்தமிழரின் யாழைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்து யாழ் நூல் எழுதியவர், 1947இல் அது வெளிவந்த அடுத்த மாதமே காலமானார். அவர் பிறந்த காரைதீவு அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது, கல்முனை தாண்டிக் கொஞ்சத் தூரம்தான். அந்தப் பக்கம் போனால் மருதமுனையில் கைத்தறி நெய்யும் வீடு ஒன்றைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்க, தறிச் சத்தம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஆனால் நீங்கள் நாட்டார் கலை என்று கேட்டதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊரின் பெரிய கலை கூத்து, அதை எந்தக் கட்டடத்துக்குள்ளும் வைக்க முடியாது. வடமோடி என்ற கூத்து வகையில் அரசன் போடும் விரிந்த கரப்புடுப்பை ஒரு பெட்டிக்குள் வைக்கலாம், கிரீடத்தையும் வைக்கலாம். அந்த உடுப்பின் பாரத்தோடு ஒரு மனிதன் வட்டமான கூத்துமேடையான வட்டக்களரியில் சுற்றிச் சுற்றி ஆடும்போது வருகிற சதங்கைச் சத்தத்தை எங்கே வைப்பது? நடுவில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், பக்கத்தில் சல்லாரி என்ற தாளம் போடுபவர், பிற்பாட்டுக்காரர், ஏடு பார்ப்பவர். சனம் சுற்றிவர இருக்கும். முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்று இல்லை, எங்கிருந்து பார்த்தாலும் கூத்துதான்.

ஒரு கூத்து களரிக்கு வரப் பல மாதம் ஆகும். முதலில் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, சட்டம் கொடுப்பார்கள், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்துக் கொடுப்பது. பிறகு இரவிரவாகப் பழக்கம், கிழமைக்கு ஒரு தரம் ஆடிப் பார்க்கும் கிழமைக்கூத்து, சதங்கை கட்டுவது, முழுக் கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்ப்பது, கடைசியில்தான் அரங்கேற்றம். அதோடும் முடியாது, வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். பகலில் வயலில் நிற்கும் ஆள்தான் இரவில் தருமர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இந்த விடியவிடியக் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுபோனதால்தான் வெளியூர்க்காரருக்கு இதன் பெறுமதி தெரிந்தது. அதற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனாலும் சுருக்கிய கூத்தைப் பார்த்துவிட்டுக் கூத்துப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வைகாசியில் வர முடிந்தால் இன்னும் நல்லது. கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறக்கிற மாதம் அது. வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் பெரும்பாலான கோயில்களில் சடங்கு. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று எங்கே போனாலும் கண்ணகியின் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை பாடுவதைக் கேட்கலாம், கடைசி நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திச் சடங்கு. ஒரு காலத்தில் கொம்புமுறியும் பெரிதாக நடந்தது. ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கோவலன் பக்கம் ஒன்று, கண்ணகி பக்கம் ஒன்று, இரண்டு மரக்கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள், மழை வர வேணும், நோய் போக வேணும் என்று. அம்மா சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்தவர். எந்தக் கொம்பு முறிந்தது என்று கேட்டால் இப்போதும் "எங்கட பக்கம் முறியல்ல" என்றுதான் சொல்வார்.

சரி, கூத்து எங்கே எப்போது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேளாண்மை வெட்டி முடிந்த பிறகுதான் கூத்துக் காலம். படுவான்கரைப் பக்கம் யாரையாவது தெரிந்தால் அவரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள், எந்த ஊரில் மத்தளச் சத்தம் கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கூத்துப் பார்க்கக் காசு வாங்க மாட்டார்கள். போகும்போது ஒரு பாயும் பிள்ளைகளுக்குத் தடித்த போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள், விடியப்புறம் வாவிக் காற்றுக் குளிரும்.