வழு மூடப்பட்டதாக மடல் வந்துவிட்டது. என் கணினியில் ஏன் தீரவில்லை?

கேள்வி: டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் ஸ்டேபிள் (நிலையான) கிளையைப் பயன்படுத்துகிறேன். பிடிஎஃப் பார்க்கும் செயலியில் சில கோப்புகளை அச்சிடப் போனால் செயலி சட்டென்று மூடிக்கொள்கிறது. ரிப்போர்ட்பக் என்ற கருவி மூலம் வழு (மென்பொருள் பிழை) அறிக்கை அனுப்பினேன். சில வாரங்களில், வழு மூடப்பட்டது என்று மடல் வந்தது. கணினியை முழுவதும் புதுப்பித்த பிறகும் அதே கதைதான். புதிதாக இன்னோர் அறிக்கை அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். அதே வழுவுக்கு இரண்டாவது எண் வாங்கினால், இரண்டையும் இணைக்கும் வேலைதான் அந்தப் பொதியின் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளின்) பராமரிப்பாளர் தலையில் விழும். முதலில் அந்த மடலை மறுபடி திறந்து, அதில் இருக்கும் மாற்றக் குறிப்பைப் படியுங்கள். பொதியின் பெயர், பதிப்பு எண், அதையடுத்து அன்ஸ்டேபிள் (புதிய பதிப்புகள் முதலில் வந்துசேரும் கிளை) என்ற சொல், கீழே உங்கள் வழு எண் எல்லாம் இருக்கும். பராமரிப்பாளர் மாற்றக் குறிப்பில் அந்த எண்ணை எழுதிப் பொதியைப் பதிவேற்றியதும், வழுத்தடம் (டெபியனின் வழுப் பதிவேடு) தானாகவே வழுவை மூடி உங்களுக்கு மடல் அனுப்பிவிடும். அதாவது, அன்ஸ்டேபிள் கிளைக்கு வந்த இந்தப் பதிப்பில் சரிசெய்தாயிற்று என்பதுதான் செய்தி. உங்கள் கணினியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு? பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளையுடன் பாலிசி என்ற சொல்லையும் பொதியின் பெயரையும் கொடுத்தால், நிறுவியிருப்பதும் கிடைக்கக்கூடியதும் தெரியும். உதாரணமாக, உங்களிடம் 4.2-3 இருக்கிறது, மடலில் 4.4-1 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்புக்கோட்டுக்கு முன்னால் இருப்பது மென்பொருளை எழுதியவர்கள் தந்த எண். பின்னால் இருப்பது டெபியன் பொதியாக்கத்தின் எண். ஸ்டேபிள் வெளியானபின் அதில் புதிய 4.4 நுழையாது. பழைய 4.2-லேயே அந்த ஒரு திருத்தத்தை மட்டும் ஒட்டுப்போட்டு வெளியிடுவார்கள். அப்போது எண்ணின் முடிவில் டெப்13யு1 என்று ஒரு வால் முளைக்கும். நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது அந்த வாலைத்தான். எத்தனை முறை புதுப்பித்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம், ஸ்டேபிளுக்கான அந்தப் பொதியை இன்னும் யாரும் உருவாக்கவில்லை என்பதே.

இந்த இடத்தில் பலரும் பொறுமையிழந்து, வழுவைத் திறக்கச் சொல்லும் ரீஓபன் கட்டளையை அனுப்பிவிடுகிறார்கள். அது வழுவைத் திறப்பதோடு நிற்பதில்லை. எந்தப் பதிப்பில் சரியானது என்ற பதிவையும் அழித்துவிடுகிறது. வழுத்தடம் பதிப்பு வாரியாகக் கணக்கு வைத்திருக்கிறது. ஒரே வழு அன்ஸ்டேபிளில் தீர்ந்ததாகவும் ஸ்டேபிளில் தீராததாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம், அதில் முரண்பாடே இல்லை. ரிப்போர்ட்பக் உங்கள் பதிப்பு எண்ணைத் தானாகவே சேர்த்திருக்கும் என்பதால், வழுவின் பக்கத்தில் காணப்பட்ட பதிப்பாக அது ஏற்கெனவே நிற்கும்.

நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை, புதிய பதிப்பு உங்கள் கோப்பை ஒழுங்காக அச்சிடுகிறதா என்று பார்ப்பது. அதற்காக அன்ஸ்டேபிள் பொதியை ஸ்டேபிளுக்குள் இழுத்து வராதீர்கள். சி நூலகம் முதற்கொண்டு, அது இயங்கத் தேவையான சார்புப் பொதிகளெல்லாம் கூடவே வந்துவிடும். இப்படிக் கலந்த கணினிக்கு ஃபிராங்கன்டெபியன் என்றே பட்டப்பெயர் உண்டு. ஒரு மெய்நிகர் கணினியில் அன்ஸ்டேபிளை நிறுவிச் சோதியுங்கள். அங்கும் செயலி விழுந்தால் (சட்டென்று மூடிக்கொண்டால்), வழுத்தடத்தில் கட்டளைகளை ஏற்கும் கண்ட்ரோல் மின்னஞ்சல் முகவரிக்கு ஃபவுண்ட் என்ற கட்டளை, வழு எண், 4.4-1 ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள். வழு முறையாகத் திறந்துகொள்ளும். கூடவே, விழுந்த நேரத்தின் பேக்டிரேஸையும் (அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரல் அழைப்புகளின் பட்டியல்) வழு எண்ணின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புங்கள். கோர்டம்ப்சிடிஎல் கருவி நிறுவியிருந்தால் அதை எடுப்பது எளிது. பல நேரங்களில் குற்றவாளி செயலியாகவே இருக்காது. பக்கத்தை வரைந்து தரும் பாப்ளர் போன்ற நூலகமாக இருக்கும். பேக்டிரேஸின் முதல் சில வரிகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

புதிய பதிப்பில் சரியாக இருந்தால், வழு எண்ணின் முகவரிக்கே நாலு வரி எழுதுங்கள்: எந்தப் பதிப்பில் விழுகிறது, எதில் விழவில்லை, ஸ்டேபிளுக்கும் இந்தத் திருத்தத்தைத் தர முடியுமா. மூலநிரலில் அந்தத் திருத்தம் எது என்று சுட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்டேபிளில் சேர்க்க வெளியீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். திருத்தம் அன்ஸ்டேபிளில் ஏற்கெனவே இருக்க வேண்டும், மாற்றம் சிறியதாக இருக்க வேண்டும், வழுவின் தீவிரம் பொதுவாக இம்பார்ட்டன்ட் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சில கோப்புகளை அச்சிடும்போது மட்டும் விழுவதற்கு இம்பார்ட்டன்ட் பொருந்தும் என்பது என் கருத்து. கவனத்தை ஈர்ப்பதற்காக கிரேவ் என்று உயர்த்தாதீர்கள். பொதியே பயன்படாமல் போவது, தரவு இழப்பு, பாதுகாப்பு ஓட்டை ஆகியவற்றுக்கு உரியது அது. உயர்த்தினாலும் பராமரிப்பாளர் இறக்கிவிடுவார், எரிச்சல்தான் மிச்சம். ஒப்புதல் கிடைத்தாலும், ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் புள்ளி வெளியீட்டில்தான் (ஸ்டேபிளுக்கான திருத்தங்களின் தொகுப்பு) பொதுவாகக் கைக்கு வரும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் பேக்போர்ட்ஸில் (ஸ்டேபிளுக்காகத் தயாரித்த புதிய பதிப்புகளின் களஞ்சியம்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் வேறு செயலியில் அச்சிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வழுவுக்கு அனுப்பும் எல்லாமே பொதுவில் தெரியும், உங்கள் மின்னஞ்சல் முகவரி உட்பட. வங்கி அறிக்கையையோ மருத்துவச் சீட்டையோ மாதிரிக் கோப்பாக இணைக்க வேண்டாம். விவரங்களை நீக்கியபின்னும் செயலி விழுகிற ஒரு கோப்பைத் தயாரியுங்கள். பிறர் தரும் கோப்பைத் திறந்தாலே விழுகிறது, அதைக் கொண்டு கணினியைத் தாக்கலாம் என்று சந்தேகம் வந்தால் பொதுவில் எழுதாமல் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள்.

இன்னொன்று, வழுவின் பக்கத்தை அவ்வப்போது நேரில் போய்ப் பாருங்கள். எண்ணின் முகவரிக்கு ஒருவர் எழுதினால் அது பராமரிப்பாளருக்குப் போகும். அறிக்கை அனுப்பிய உங்களுக்கு அது வராமல் போகலாம். மூடிய வழு 28 நாள்கள் சலனமில்லாமல் கிடந்தால் காப்பகத்துக்குப் போகக்கூடும். போய்விட்டிருந்தால் முதலில் கண்ட்ரோல் முகவரிக்கு அன்ஆர்க்கைவ் கட்டளையை அனுப்பிவிட்டு, பிறகு எழுதுங்கள்.