முகத்தை மறைத்தார்கள், காலண்டரை மறைக்கவில்லை

அன்புள்ள மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 43 வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் கணவர் லாரி டிரைவர், வடக்கே லைன் போய்வந்தவர். பாப்பாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். அப்புறம்தான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பாப்பாவுக்கும் அப்போதே பார்த்தார்கள், சாமி புண்ணியத்தில் அவளுக்கு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன், ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று போன தடவையும் சொன்னார்கள்.

டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்காக ஒரு யூடியூப் சேனலில் இருந்து பேட்டி கேட்டு வந்தார்கள். "முகம் தெரியாது, குரலையும் மாத்திடுவோம், நாலு பேருக்கு உதவியா இருக்கும்கா" என்றான் அந்தப் பையன். நம்பிப் பேசினேன். முகத்தை மட்டும்தான் புகை மாதிரி மறைத்திருக்கிறார்கள். குரல் என் குரல். பின்னால் மாட்டியிருந்த காலண்டரில் எங்கள் தெரு மளிகைக் கடையின் பெயரும் ஊர்ப் பெயரும் பளிச்சென்று தெரிகிறது. அதற்குக் கீழே என் தையல் மிஷின். இந்தத் தெருவில் மிஷின் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.

என் நாத்தனார் அந்த வீடியோவை எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "இது யாருன்னு தெரியுதா?" என்று கேட்டிருக்கிறாள். தன் தம்பி கொண்டுவந்த நோய் என்பது அவளுக்குத் தெரியாதா? பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள் வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிப் போகிறார்கள். ஊசி குத்தி ரத்தம் பட்டிருக்குமோ என்று ஒருத்தி என் காதுபடவே கேட்டாள். வீட்டுக்காரர், மகனுக்குக் கல்யாணம் வருகிறது, வீடு தேவைப்படும் என்று ஆரம்பித்திருக்கிறார். சேனலுக்குப் போன் செய்தால், "கமெண்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா" என்கிறான் அந்தப் பையன்.

மேடம், நான் மற்றவர்கள் மாதிரி தப்பான வழியில் போய் இதை வாங்கிக்கொண்டவள் இல்லை. ஒரே மனுஷனுக்குக் கழுத்தை நீட்டியவள். எனக்கு ஏன் இந்த அவமானம்? பாப்பா கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், அவளுக்கு இது எதுவும் தெரியாது. மருந்து டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, சர்க்கரை மாத்திரை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் ராத்திரி போனில் "மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். இப்போது கொஞ்ச நாளாகக் கேட்பதில்லை. பரீட்சை நேரம், மறந்திருப்பாள். அது போகட்டும். நாத்தனார் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கூடப் பிறந்தவளாக நினைத்தேனே!

சேனல் மேல் வழக்குப் போடலாமா? நாத்தனாரைச் சும்மா விடலாமா? இல்லை, ஊரைவிட்டே போய்விடட்டுமா? நான் தப்பு செய்யாதவள் என்பதை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

(வாசகியின் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. முகமும் குரலும் தெரியாத ஒரு பேட்டிக்குத்தான் நீங்கள் சம்மதித்தீர்கள். அவர்கள் வெளியிட்டதற்கு நீங்கள் சம்மதிக்கவே இல்லை. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: ஒருவர் நம்பிச் சொன்ன எச்.ஐ.வி. நிலையை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. வழக்கு என்று போனால், உங்கள் பெயரை மறைத்து விசாரிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கவும் வழி இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் ஏற்பாடு செய்து தருவார்கள். வீடியோவை நீக்கச் சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள். அது நீக்கப்படுவதற்குள் அதன் இணைப்பையும் திரைப் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் "அது போகட்டும்" என்று தள்ளிவிட்டுப் போன இடத்துக்கு வருகிறேன்.

தினமும் ராத்திரி மாத்திரையைப் பற்றிக் கேட்கும் பெண் திடீரென்று கேட்பதை நிறுத்தியிருக்கிறாள். பரீட்சை என்கிறீர்கள். இதற்கு முன்னால் அவள் பரீட்சையே எழுதியதில்லையா? அப்போதெல்லாம் கேட்டாள்தானே? சொந்தக்காரர்களின் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் மகளும் இருக்கிறாளா? இவ்வளவு எழுதிய நீங்கள் அதை மட்டும் எழுதவில்லை. இது என் ஊகம்தான். ஆனாலும் சொல்கிறேன், அவளுக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் அது உள்ளூரத் தெரியும் என்று நினைக்கிறேன். அதனால்தான் நாத்தனார் மேல் உள்ள கோபத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அவளைத் திட்டிக்கொண்டிருக்கும் வரை மகளை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை.

அவள் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "சர்க்கரை மாத்திரை" என்பது பொய் என்று தெரிந்த பிறகு, அதை மறுபடி கேட்டால் அவளும் அந்தப் பொய்யில் சேர்ந்தவளாகிறாள். நேராகக் கேட்டுவிட்டால் உங்களைக் காயப்படுத்துவோமோ என்று பயம். அதனால் வாயை மூடிக்கொண்டாள். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பாப்பாவுக்கும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த வரி உங்கள் மகளுக்குத் தெரியுமா? அம்மாவுக்கு இருக்கிறது, அப்பா இதில்தான் இறந்தார், அப்படியானால் எனக்கு? அந்தக் கேள்வியோடு அவள் ஹாஸ்டல் அறையில் தனியாகப் படுத்திருக்கலாம். தாய்ப்பாலை மறந்து வெகுநாளான வயதில், நாலு வயதில் எடுத்த பரிசோதனையில் இல்லையென்றால் உங்களிடம் இருந்து அவளுக்கு வரவில்லை என்பது உறுதி. அவளுக்கு அந்த உறுதியைக் கொடுக்க இந்த உலகத்தில் உங்களைத் தவிர ஆள் கிடையாது.

சட்டப்படி நீங்கள் பெற்ற மகளிடம்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அவள் சிறு பெண்ணாக இருந்தபோது மறைத்ததும் சரி. பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது உளறிவிட்டால் என்ன ஆகும் என்ற உங்கள் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். இன்று அவள் வளர்ந்த பெண். அந்நியர்கள் எடுத்த வீடியோவில் இருந்து தன் தாயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அவளுக்கு வந்ததில் சேனலுக்குப் பங்கு இருக்கிறது. லேபிள் கிழித்த டப்பாவுக்கும் பங்கு இருக்கிறது, சகோதரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்கு வலிக்கும். "தப்பான வழியில் போய் வாங்கிக்கொண்டவள் இல்லை" என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். வேறு எப்படியோ தொற்று வந்த ஒரு பெண்ணின் துணியைத் திருப்பி வாங்கிப் போனால் அது சரியாகிவிடுமா? 2000களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று தமிழ்நாடு முழுக்க விளம்பரம் செய்தார்கள். ஆணுறை என்ற பேச்சையே வீதிக்குக் கொண்டுவந்த விளம்பரம் அது, அதை மறுக்க மாட்டேன். கூடவே, இந்தத் தொற்று உள்ளவர்கள் எல்லாரும் தப்பான வழியில் போன புள்ளிராஜாக்கள் என்ற கேலியும் ஊரில் தங்கிவிட்டது. உங்களை இன்று அடிக்கும் கோல் அதுதான். அதே கோலை மற்றவர்கள் பக்கம் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறீர்கள்.

மகளிடமும் அப்படிப் பேசிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். "உங்கப்பன் கொடுத்த நோய்" என்று தொடங்கினால், அவளுக்கு நினைவில் கொஞ்சமே மிஞ்சியிருக்கும் அந்த அப்பாவை அவளிடம் இருந்து பிடுங்கியதாகிவிடும். மாதக்கணக்கில் வீட்டைவிட்டு லாரியிலேயே வாழ்ந்தவர். தனக்கு வந்தது என்னவென்றே அவருக்கு எப்போது தெரிந்ததோ! அவர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கலாம், அதற்கு உரிமையும் உண்டு. அதை என்னிடம் எழுதுங்கள்.

அவளை ஊருக்கு வரச் சொல்லாதீர்கள், அந்தத் தெருவில் நடந்து வருவதே இப்போது அவளுக்குக் கஷ்டம். நீங்கள் கோவைக்குப் போங்கள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம், அவள் ஏற்கெனவே இதைச் சுமந்துகொண்டுதான் எழுதுகிறாள். முதல் வார்த்தையாக, "உனக்கு இல்லை பாப்பா, உன் நாலு வயசிலேயே பார்த்தாச்சு" என்று சொல்லுங்கள். பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். அவளே மறுபடி பார்க்க விரும்பினால், அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள். நீங்களும் கூடப் போங்கள். அதன் பிறகு உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு வேளைகூட மாத்திரையைத் தவறவிடாதவள், வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருப்பவள், உங்களிடம் இருந்து உடலுறவின் மூலம்கூட இன்னொருவருக்குத் தொற்றாது என்ற நிலையில் இருப்பவள் என்று. அவள் அழலாம், கோபப்படலாம், "ஏன் சொல்லலை?" என்று கேட்கலாம். நியாயம் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாத்தனாரை இப்போதைக்கு விடுங்கள். வழக்கா வேண்டாமா என்பதை மகளோடு பேசிய பிறகு முடிவு செய்யுங்கள். வழக்குப் போட்டால் அதன் அலைச்சலில் அவளும் இருப்பாள், அவளைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஊரைவிட்டுப் போவதையும் அதுவரை யோசிக்காதீர்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்ற காரணத்துக்காக வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதை அதே சட்டம் தடுக்கிறது. வீட்டுக்காரர் மறுபடி பேச்செடுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். இடையில் யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.