கேப்டன் பெரியவரா, ரோம் பெரியவனா?

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்துதான். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் சனிக்கிழமை இரவு கூடும் கூட்டம், பந்து விளையாட்டுக்காகச் சண்டை போட்டது போக இப்போது விண்வெளித் தொடர்களுக்காகச் சண்டை போடுகிறதாம். பஞ்சாயத்து என்னிடம் வந்திருக்கிறது. நாட்டாமை ஒருபக்கம் சாய்கிறான் என்று அப்புறம் யாரும் குறை சொல்லக்கூடாது, சாயத்தான் போகிறேன்.

கேள்வி: அண்ணே, 'ஸ்டார் டிரெக்' கேப்டன்களில் கெர்க்கா, பிக்கார்டா? ஒரே பேர் சொல்லுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம்.
(லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்)

பிக்கார்ட். போதுமா தம்பி? ஆனால் அவர் ரசிகர்கள் எல்லாரும் தூக்கிப் பிடிக்கும் அந்த 1989 நீதிமன்ற அத்தியாயத்தை, 'த மெஷர் ஆஃப் அ மேன்', இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். பிக்கார்டின் கப்பலில் வேலை பார்க்கும் டேட்டா என்ற இயந்திர மனிதனைப் பிரித்து ஆராய ஒரு விஞ்ஞானி துடிக்கிறார். டேட்டா விண்வெளிப் படையின் சொத்தா, தனக்கென்று முடிவெடுக்கும் உரிமை உள்ளவனா என்பதுதான் வழக்கு. பிக்கார்ட் அவனுக்காகப் பிரமாதமாக வாதாடுகிறார். எதிர்த்தரப்பில் பேச பிக்கார்டின் துணை அதிகாரி ரைக்கரைப் பிடித்துப் போடுகிறார்கள், அவர் மாட்டேன் என்றால் விசாரணையே இல்லாமல் டேட்டா சொத்து என்று தீர்ப்பாகிவிடும். அதனால் சொந்த நண்பனின் கையைச் சபையில் கழற்றிக் காட்டி, சுவிட்சை அமுக்கி, அவன் பொம்மை மாதிரி மேசைமேல் சாய்வதைப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போகிறாரே ரைக்கர், அந்த முகத்தைப் பாருங்கள். பேர் பிக்கார்டுக்கு, வலி ரைக்கருக்கு. ஜெயித்த பிறகு டேட்டாவே ரைக்கரைத் தேடிப் போய் இதைத்தான் சொல்கிறான். ஒரு கொள்கையை யார் அழகாகப் பேசுகிறார் என்பதைவிட அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பவன் நான். மற்ற பதில்களையும் இதே கண்ணோடு படியுங்கள்.

கேள்வி: 'டீப் ஸ்பேஸ் நைன்' சிஸ்கோ பொய் சொல்லி ரோமுலன்களைப் போருக்குள் இழுத்தது சரி என்கிறேன் நான், என் தங்கை தவறு என்கிறாள். பொய்ம்மையும் வாய்மை இடத்த என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பேர் வேண்டாமாம்)

மிச்சக் குறளையும் சொல்லுங்கள் டீச்சர். புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின் என்று நிபந்தனை போட்டுத்தான் அனுமதி தந்திருக்கிறார்.

பார்க்காதவர்களுக்காக: 1998இல் வந்த 'இன் த பேல் மூன்லைட்' அத்தியாயம் இது. டொமினியன் என்ற எதிரிப் பேரரசோடு நடக்கும் போரில், பூமியும் சேர்ந்த கிரகக் கூட்டமைப்பான ஃபெடரேஷன் தோற்றுக்கொண்டிருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் இறந்தவர் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டியது விண்வெளி நிலையத்தின் தளபதி சிஸ்கோவின் வேலை. இன்னொரு வல்லரசான ரோமுலன்களோ ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களைத் தன் பக்கம் சேர்க்க, தையல்காரர் வேஷத்தில் இருக்கும் பழைய உளவாளி கேரக்கின் துணையோடு பொய் ஆதாரம் ஒன்றைத் தயாரிக்கிறார் சிஸ்கோ. அதை மறைக்க லஞ்சம், லஞ்சத்தை மறைக்க இன்னொன்று என்று படி இறங்கிக்கொண்டே போகிறார். கடைசியில் ஆதாரம் போலி என்று ரோமுலன் செனட்டர் கண்டுபிடித்துவிட, கேரக் அவர் கப்பலையே வெடிக்க வைத்துப் பழியை எதிரிமேல் போட்டுவிடுகிறார். செலவு என்ன, ஒரு செனட்டர், ஒரு குற்றவாளி, ஒரு அதிகாரியின் சுயமரியாதை, இவ்வளவுதானே என்று கணக்கும் சொல்கிறார்.

கணக்கில் ஆள் விட்டுப்போயிருக்கிறது. யாரோ செய்த பொய்யை நம்பிப் போர்முனைக்குப் போகப்போகிற ரோமுலன் சிப்பாய்களை எதில் எழுதுவது? அதனால் என் ஓட்டு உங்கள் தங்கைக்கு. ஆனாலும் எனக்குச் சிஸ்கோவைப் பிடிக்கும். செய்ததைத் தர்மம் என்று பூசி மெழுகாமல் கேமராவைப் பார்த்து ஒப்புக்கொள்கிறார், இதோடு என்னால் வாழ முடியும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார், அப்புறம் பதிவை அழித்துவிடுகிறார். நிஜமாகவே வாழ முடிகிறவர் எதற்கு அழிக்க வேண்டும்?

கேள்வி: தம்பி, நான் தோட்டத்தில் சங்கக் கிளைச் செயலாளராக இருந்தவன். பேரன் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் 'பார் அசோசியேஷன்' என்ற அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினான். சங்கம் தொடங்கிய ரோம் கடைசியில் கலைக்கச் சம்மதித்துவிட்டானே, அது தோல்விதானே?
(ஓய்வு பெற்றவர், சுங்கை சிப்புட்)

ஐயா, உங்கள் கடிதத்துக்காகவே இந்த வாரம் பகுதியை நீட்டித் தரச் சொன்னேன்.

ரோமுக்குக் காதில் சீழ். அந்த விண்வெளி நிலையத்தில் அண்ணன் குவார்க்கின் பாரில் வேலை, மருத்துவ விடுப்பு என்ற பேச்சே கிடையாது, வாரக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டு தூக்கி ஒரு நாள் மயங்கி விழுகிறான். பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், நின்று காய்ச்சல் என்று சொன்னால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தோட்ட மருந்தக டிரெசரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வா என்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அதே நேரம் வியாபாரம் மந்தம் என்று குவார்க் எல்லாருடைய சம்பளத்திலும் கை வைக்க, ரோம் சங்கம் தொடங்கி வேலைநிறுத்தத்தில் இறங்குகிறான். ரோமின் இனமான ஃபெரெங்கிகளின் சட்டத்தில் சங்கம் என்பதே குற்றம். காசே புழங்காத ஃபெடரேஷனின் அதிகாரிகளுக்கு இது வேடிக்கை, மறியலைத் தாண்டிக் குடிக்கப் போன வோர்ஃபோடு ஓபிரையன் கைகலந்து ஆளாளுக்கு லாக்கப்பில் கிடக்கிறார்கள். கோரிக்கை அத்தனையும் தருகிறேன், வெளியே சங்கம் கலைந்ததாக மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கடைசியில் குவார்க் இறங்கி வருகிறான்.

கலைத்தது எனக்கும் உறுத்துகிறது. எழுத்தில் இல்லாத சலுகையைப் பிடுங்க முதலாளிக்கு ஒரு நிமிஷம் போதும். பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானதும், பி.பி.நாராயணன் போன்றவர்கள் மேசைக்கு மேசை பேசியதும் துரை வாயால் சொன்னதைக் கையெழுத்தாக வாங்கத்தானே. இதில் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் ரோமைத் தோற்றவன் என்று எழுத மனம் வரவில்லை. உயர்த்திய சம்பளத்தை மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் அந்த பாரில் உட்காரவில்லை, அண்ணனிடம் கைகட்டி நிற்பது போதும் என்று நிலையத்தில் இரவு நேரப் பழுது பார்க்கும் வேலைக்குப் போய்விடுகிறான். தன் வேலை, தன் குடும்பம், தன் ஜாதிக்காரர்களின் சட்டம், மூன்றையும் அவனே பணயம் வைத்தான், வேறு யாரையும் முன்னால் தள்ளிவிடவில்லை. டொமினியன் படையைத் தடுத்த, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் கண்ணிவெடி யோசனையும் இவனுடையதுதான். 1999இல் தொடர் முடியும்போது ஃபெரெங்கிகளின் தலைவன் பதவியே இவன் கைக்கு வருகிறது. கேப்டன்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் சனிக்கிழமைக் கூட்டத்தில் இவன் பேர் ஒரு தடவைகூட வராதது எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

கேள்வி: அண்ணே, ஸ்டார் டிரெக் வெறும் கனவு. 'த எக்ஸ்பான்ஸ்'தான் நம்ம கதை. ஒத்துக்கொள்கிறீர்களா?
(ஈப்போவில் படிக்கும் மாணவி, அப்பா செம்பனைத் தோட்டத்தில்)

பாதி ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. விண்கற்களில் பிறந்து வளர்ந்த பெல்டர்களுக்குத் தண்ணீரும் காற்றும்கூட அடுத்தவன் அளந்து கொடுப்பது. குறைந்த ஈர்ப்பில் வளர்ந்த உடம்பு. முதல் அத்தியாயத்திலேயே ஒருவனைப் பூமிக்குக் கொண்டுவந்து கொக்கியில் தொங்கவிட்டு விசாரிக்கிறார்கள், அடிக்கவே வேண்டாம், பூமியின் எடையே அவனை நசுக்குகிறது. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்று வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, சுங்கை சிப்புட்காரரான அன்றைய அமைச்சர் சம்பந்தன் 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கக் கிளம்பியதும் அதே பயத்துக்குத்தான்.

கனவு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைசி அத்தியாயத்தில் புதிய போக்குவரத்துச் சங்கத்துக்குப் பூமிக்காரரான கதாநாயகன் ஹோல்டனைத் தலைவராக்குகிறார்கள். அவர் முதல் வேலையாக ராஜினாமா செய்து பெல்டரான டிரம்மரிடம் பதவியைக் கொடுத்துவிடுகிறார். கிடைத்த நாற்காலியை அன்றைக்கே விட்ட தலைவரை நம் ஊர் இயக்கங்களில் பார்த்திருந்தால் எழுதுங்கள், தனிக்கட்டுரையே போடலாம்.

கேள்வி: 'வாயேஜர்' ஜேன்வே டூவிக்ஸைக் கொன்றது கொலையா, இல்லையா?
(தாதி, சுங்கை சிப்புட்)

கேப்டன் ஜேன்வேயின் கப்பலில் இருக்கும் டூவாக், நீலிக்ஸ் இருவரும் விபத்தில் டூவிக்ஸ் என்ற ஒரே ஆளாகிவிடுகிறார்கள், மறுபடி பிரித்தால் அந்தப் புது ஆள் இருக்கமாட்டான். அவன் கெஞ்சுகிறான், கப்பல் டாக்டரே முடியாது என்கிறார், ஜேன்வே தன் கையாலேயே செய்து முடிக்கிறார். கொலைதான். பழியை வேறு யார் கையிலும் கொடுக்காதது அந்த அம்மாவின் நேர்மை, ஆனால் உயிர் போனது அவருடையது இல்லையே. சம்மதம் இல்லாத நோயாளியை நீங்கள் தொடுவீர்களா?

கேள்வி: அங்கிள், ஸ்டார் டிரெக்கில் மலேசியர் யாராவது இருக்கிறார்களா?
(படிவம் 2 மாணவி)

இருக்கிறார் பாப்பா, கேப்டனாகவே. 2017இல் தொடங்கிய 'டிஸ்கவரி'யில் ஜார்ஜியோவாக வருபவர் ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ. கதைப்படி அவர் லங்காவிக்காரர்.

கேள்வி: எதையுமே பார்க்காதவள் நான். இந்தச் சண்டையில் கலந்துகொள்ள எங்கிருந்து ஆரம்பிப்பது?
(இல்லத்தரசி, கோல கங்சார்)

'டீப் ஸ்பேஸ் நைன்' மொத்தம் 176 அத்தியாயம், மலைக்காதீர்கள். நான்காவது சீசனில் ரோம் கதையைத் தனியாகவே பார்க்கலாம். சிஸ்கோ கதையை மட்டும் கேரக்கோடு கொஞ்சம் பழகிய பிறகு பாருங்கள். 'எக்ஸ்பான்ஸ்' 62தான், முதல் நாலைந்து தலைகால் புரியாது, விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுவது நல்லது அக்கா. அதில் அவசரலா என்று ஒரு அம்மா வருகிறார், சேலை கட்டி வாயைத் திறந்தால் லோரிக்காரர் தோற்றுப்போவார்.