தேடிப் போன அதிகாரி

கே: போரில் வீரம் என்றால் எதிரியை வீழ்த்துவதுதானே? காயம்பட்டவர்களைத் தூக்கி வந்ததற்காக ஒரு ராணுவ அதிகாரிக்கு மிகப் பெரிய விருது கொடுத்ததாகப் படித்தேன். கொஞ்சம் அதிகமில்லையா?

ப: 'அதிகாரி' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். நம் ஊரில் அதிகாரியைத் தேடி அடிபட்டவன்தான் போக வேண்டும், இரண்டு ஜெராக்ஸோடு. அதிகாரி அடிபட்டவனைத் தேடிப் போனால் என்ன விருது கொடுத்தாலும் தகும்.

நீங்கள் படித்தது நோயல் ஷவாஸ் பற்றி இருக்கலாம். பிரிட்டிஷ் ராணுவ டாக்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியவர். முதல் உலகப் போரில் ஓடியதெல்லாம் குண்டு வரும் திசையில்! 1916 ஆகஸ்டில், பிரான்சில், பகல் முழுக்க எதிரியின் கண்ணெதிரே சிகிச்சை செய்தார். ராத்திரி நாலு மணி நேரம் எதிரி வரிசைக்கு முன்னால் காயம்பட்டவர்களைத் தேடினார். மறுநாள் விலாவில் ஷெல் துண்டு பாய்ந்தது. அன்று இரவும் 20 பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பி, எதிரியின் பதுங்குகுழிக்கு 25 கஜத்தில் கிடந்த மூன்று பேரை மீட்டார். அதற்கு விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது. அடுத்த வருடம் பெல்ஜியத்தில், தலையில் அடிபட்டும் இடத்தை விட்டு நகராமல் வேலை பார்த்து, 1917 ஆகஸ்ட் 4-ல் இறந்தார். இரண்டாவது விக்டோரியா கிராஸ்.

அந்த விருதை இரண்டு முறை வாங்கியவர்கள் இதுவரை மூன்றே பேர். அதில் இருவர் டாக்டர்கள். மூன்றாமவர் நியூசிலாந்தின் சார்லஸ் அப்ஹாம், சண்டை போட்டவர். அவருடைய முதல் விருதுக்கான குறிப்பிலும் காயம்பட்டவரைத் தூக்கி வந்தது இருக்கிறது.

தப்பு உங்கள் மீதில்லை, சினிமா மீது. ஹீரோவின் நண்பன் நெஞ்சில் குண்டு வாங்கி, அம்மா, தங்கை கல்யாணம், தேசம் என்று மூன்று பக்கம் வசனம் பேசுவான். ஹீரோ தலையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாரே தவிர, கட்டுப் போடத் துணி கிழிக்க மாட்டார். சட்டையில் ஏற்கெனவே நாலு கிழிசல் இருக்கும், ஒன்றை இழுத்தால் போதும்! வசனம் முடிந்ததும் ஐம்பது பேரைச் சுடுவார். நண்பன் பிழைத்துவிட்டால் இடைவேளைக்குப் பிறகு படம் ஏது?

இரண்டு முறை வாங்கிய முதல் ஆள், இன்னொரு டாக்டர், ஆர்தர் மார்ட்டின்-லீக். 1902-ல் தென்னாப்பிரிக்காவில், அடிபட்ட அதிகாரி ஒருவருக்குச் சிகிச்சை செய்யும்போதே மூன்று குண்டு பட்டது. மற்றவர்கள் குடிக்கும்வரை தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டார். அப்புறம் இவர் எங்கே வேலைக்கு வந்தார் தெரியுமோ? நம் வங்காள-நாக்பூர் ரயில்வேக்கு, டாக்டராக. லேசான தலைவலி, மெடிக்கல் லீவு வேண்டும் என்று போன குமாஸ்தாக்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அவர் முன்னால் எந்த முகத்தோடு முனகுவது?