புது எஸ்யூவி எடுத்து மூணு மாசம்: உப்புக்காத்து ஊர்ல இருந்து கேள்வி-பதில்

மூணு மாசம் முன்னாடி ஒரு புது காம்பாக்ட் எஸ்யூவி எடுத்தேன். 4 மீட்டருக்குள்ள நிக்கிற சைஸ், 1.0 டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். வீடு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம்ங்கிற ஊர்ல, கடல் நடந்து போற தூரம். இதுவரைக்கும் 4,300 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வண்டி வந்ததுல இருந்து நிறைய பேர் கேக்குறாங்க, அதுல ஆறு கேள்விக்கு இங்க பதில் எழுதுறேன். கம்பெனி பேரை சொல்லல, ஏன்னா நான் எழுதுறதுல முக்காவாசி எந்த கம்பெனி வண்டிக்கும் அப்படியே பொருந்தும்.

அண்ணே, நான் உச்சிப்புளி பக்கம் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். பழைய ஹேட்ச்பேக்கை குடுத்துட்டு இந்த மாதிரி சின்ன எஸ்யூவி எடுக்கலாமான்னு யோசிக்கிறோம். ஓட்டுனவரைக்கும் எப்படி இருக்கு, மைலேஜ் உண்மையில என்ன குடுக்குது?

எடுக்கலாம்மா, எனக்கு பிடிச்சிருக்கு. ஹேட்ச்பேக்ல இருந்து மாறினா முதல்ல தெரியுறது உக்கார்ற உயரம்தான். எங்கம்மாவுக்கு முட்டி வலி, பழைய கார்ல குனிஞ்சு இறங்கி ஏறணும், இதுல நேரா உக்காந்து காலை உள்ள எடுத்து வைக்கிறாங்க, எனக்கு அதுவே போதும்.

மைலேஜை ஸ்கிரீன்ல வர்ற நம்பரை வச்சு சொல்லல, டேங்க் ஃபுல் பண்ணி ஓட்டி மறுபடி ஃபுல் பண்ணி கணக்கு பாத்தது. மதுரைக்கு போய் வந்தா ஏசி போட்டு 80, 90-ல லிட்டருக்கு 17-ல இருந்து 18. ராமேஸ்வரம் ஊருக்குள்ள கோயில் கூட்டத்துல மாட்டினா 12 தான். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால்ல பெட்ரோலை விட ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால கம்பெனி சொல்ற நம்பரை அப்படியே எதிர்பாக்காதீங்க.

டர்போ இன்ஜின்ல ஒரு பழக்கம் மாத்திக்கணும். வேகத்தடையில ஏறி இறங்கும்போது ரெண்டாவது கியர்ல சும்மா விட்டா வண்டி தூங்கும், இன்ஜின் சுத்துற வேகம் சுமார் 1,800 ஆர்பிஎம் தாண்டினாத்தான் முழிக்கும். ஆனா பரமக்குடி தாண்டி ராம்நாடு வரைக்கும் நாலு வழி இல்லாத இடத்துல லாரியை ஓவர்டேக் பண்ணும்போது மூணாவது கியர்ல போட்டா தயங்காம இழுக்குது, அங்க எனக்கு பழைய காரை விட தைரியமா இருக்கு.

பாம்பன் ரோட்டு பாலத்துல மட்டும் கவனம் வேணும். 1988-ல திறந்தது, 2 கிலோமீட்டருக்கு மேல நீளம், ரெண்டு பக்கமும் காத்தை தடுக்க ஒண்ணும் கிடையாது. கச்சான்னு சொல்ற மேல்காத்து அடிக்கிற ஆனி, ஆடியில போனேன், எதிர்ல பஸ் ஒண்ணு காத்தை மறைச்சுட்டு கடந்து போன அந்த செகண்ட்ல ஸ்டியரிங் கையில வெட்டி இழுத்துச்சு. உயரமான வண்டி, ஹேட்ச்பேக்கை விட காத்து அதிகமா பிடிக்கும். 50-ல போங்க, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்.

தங்கச்சிமடத்துல கடலுக்கு 200 மீட்டர்ல வீடு. ஷோரூம்ல அண்டர்பாடி கோட்டிங் (அடிப்பக்கத்துக்கு பூச்சு), செராமிக் (பெயின்ட் மேல பூச்சு) எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜ் சொல்றாங்க. போடணுமா? இல்ல வெறும் வாட்டர் வாஷ் போதுமா?

இந்த கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உக்காந்தேன். வாட்டர் வாஷ் போதும்தான், ஆனா எந்த தண்ணியில கழுவுறீங்க அண்ணே?

முதல் மாசம் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போயிட்டு வந்தேன். 2017-ல ரோடு போட்டதுக்கப்புறம் கடைசி வரைக்கும் கார்லயே போகலாம், ரெண்டு பக்கமும் கடல், காத்துல மணலும் சாரலும் ரோட்டு மேலயே வரும். மறுநாள் வீட்டு போர் தண்ணியில நல்லா பிரஷர் வச்சு அடியில எல்லாம் கழுவிட்டேன்னு நிம்மதியா இருந்தேன். ஒரு வாரம் கழிச்சு டார்ச் எடுத்துட்டு பாய் விரிச்சு அடியில படுத்து பாத்தா சைலன்சர் கிளாம்ப் போல்ட்ல செம்மண் கலர்ல துரு, பக்கத்துல ரெண்டு தகடு சேர்ற இடுக்குல வெள்ளையா பூத்திருக்கு. விரல்ல தொட்டு நாக்குல வச்சேன், கரிச்சுது. அது கடல்ல இருந்து வந்த உப்பு மட்டும் இல்ல, நான் கழுவின போர் தண்ணி காய்ஞ்சு விட்டுட்டுப் போன உப்பும்தான். நம்ம பக்கம் பாதி வீட்ல ஆர்ஓ மிஷின்ல இருந்து வெளிய வர்ற கழிவு தண்ணியை பிடிச்சு வச்சு கார் கழுவுறோம், தண்ணியை வீணாக்காத நல்ல எண்ணம்தான், ஆனா அதுல போர் தண்ணியை விட உப்பு ஜாஸ்தி. அதுல கார் கழுவவே கூடாது.

இப்ப நான் பண்றது இதுதான். மொட்டை மாடி மழைத்தண்ணிக்கு ஒரு சின்டெக்ஸ் தனியா வச்சுட்டேன், 2003-லயே நம்ம ஸ்டேட்ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தது, குழாய் எல்லாம் ஏற்கனவே இருக்கு, தொட்டி மட்டும்தான் சேக்கணும். மழை இல்லாத மாசத்துல குடிதண்ணி லாரியில கொஞ்சம் கூட வாங்கிக்கிறேன். மேல பாடிக்கு என்ன தண்ணி ஊத்தினாலும், கடைசியா ரெண்டு வாளி நல்ல தண்ணி அடிப்பக்கத்துக்கும் வீல் ஆர்ச் உள்பக்கத்துக்கும் போகணும். கழுவின உடனே நிறுத்தாம ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தா ஈரம் போயிடும், பிரேக் டிரம்மும் ஒட்டாது.

கோட்டிங் போடலாம், நான் போட்டேன். ஆனா வண்டியை கடற்கரைக்கு கொண்டு வர்றதுக்கு முன்னாடியே போடணும். உப்பு ஏறின தகடு மேல கோட்டிங் அடிச்சா உப்பை உள்ள வச்சு பூசுன மாதிரி, உள்ளயே அரிக்கும். அடிக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க, கதவுக்கு கீழயும் சேசிஸ்லயும் தண்ணி வடியறதுக்கு சின்ன சின்ன ஓட்டை இருக்கும், அவசரத்துல அதையும் சேத்து அடைச்சிடுறாங்க, அப்புறம் தண்ணி உள்ள தேங்கி துரு உள்ள இருந்து வரும். செராமிக் வெறும் பளபளப்புதான், துருவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அந்த காசை மிச்சம் பிடிங்க.

இன்னொண்ணு, டிக்கியில மீன் பெட்டி ஏத்துற வழக்கம் இருந்தா கீழ ஓரம் உயர்ந்த ரப்பர் டிரே போடுங்க. ஐஸ் தண்ணி கார்ப்பெட் வழியா ஸ்டெப்னி குழியில இறங்கி அங்கயே நிக்கும், வெளிய தெரியாது. எங்க மாமா வண்டியில அந்த குழிதான் முதல்ல ஓட்டை விழுந்துச்சு.

காலையில பிரேக் டிஸ்க்ல ஆரஞ்சு கலர் படிஞ்சிருந்தா பயப்படாதீங்க, பனியில வர்ற மேல்துரு, நாலு தடவை பிரேக் அடிச்சா போயிடும்.

காக்கா (எங்க ஊர்ல அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), நான் கீழக்கரை, சபுராளி, அதாவது வெளிநாட்டுல வேலை பாக்குறவன். போன மாசம்தான் வண்டி எடுத்தேன், அடுத்த வாரம் துபாய் கிளம்புறேன், பத்து மாசம் கழிச்சுதான் வருவேன். வீட்ல ஓட்டத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. வண்டி ஷெட்லயே நிக்கும், என்ன பண்ணணும்?

தம்பி, நிக்கிற வண்டிதான் நம்ம ஊர்ல சீக்கிரம் கெடும். நம்பிக்கையான டிரைவர் ஒருத்தர்கிட்ட வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் ஏர்வாடி வரைக்கும் போய் வரச் சொல்லுங்க, ஷெட்ல ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் உறும விடுறது வேண்டாம், இன்ஜின் முழுசா சூடேறாது, பேட்டரியும் சரியா ஏறாது. டேங்க்கை காலியா வைக்காதீங்க, எத்தனால் கலந்த பெட்ரோல் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், டேங்க்குள்ள காலி இடம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. ஹேண்ட் பிரேக் போட்டு மாசக்கணக்குல விட்டா பிரேக் ஒட்டிக்கும், அதனால கியர்ல போட்டு டயருக்கு கட்டை வச்சிடுங்க. கவர் போடுறதா இருந்தா நல்ல தண்ணியில கழுவி காயவச்சுதான் போடணும், உப்பு படிஞ்ச வண்டி மேல கவர் போட்டா காத்துல ஆடி ஆடி பெயின்டை உப்புத்தாள் மாதிரி தேய்ச்சிடும். ஷெட்டுக்குள்ளன்னா கவரே வேண்டாம்.

எஸ்யூவிதானே, அரியமான் பீச்ல மணல்ல இறக்கலாமா?

வேண்டாம். இதுல பெரும்பாலானது முன் வீல் மட்டும் இழுக்கிற வண்டி, உயரம் இருக்கு, மணல்ல போற சக்தி கிடையாது. அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முன் டயர் குழி தோண்டிட்டு இறங்கும்.

அதை விட நம்ம ஊர்ல நீங்க பாக்க வேண்டியது ஸ்டெப்னி. ரோட்டோரம் பூரா சீமைக்கருவேல முள்ளு. 2020-ல வந்த ரூல்படி டியூப்லெஸ் டயர், காத்து அழுத்தம் காட்டுற சென்சார், பஞ்சர் கிட் மூணும் இருந்தா ஸ்டெப்னி இல்லாமலே கம்பெனி வண்டி குடுக்கலாம். புக் பண்ணும்போது டிக்கியை திறந்து கண்ணால பாருங்க. கிட்ல இருக்கிற திரவம் டயர் தரையில படுற பக்கத்து சின்ன ஓட்டைக்குத்தான் உதவும், சைடுல கிழிஞ்சா உதவாது, சாயல்குடி ரோட்டுல ராத்திரி நின்னா யாரைக் கூப்பிடுவீங்க?

இன்சூரன்ஸ் எங்ககிட்ட எடுத்தாத்தான் டிஸ்கவுண்ட்னு ஷோரூம்ல சொல்றாங்க. அப்படி கட்டாயம் இருக்கா? எந்த ஆட்-ஆன் (கூடுதல் காசு கட்டி பாலிசியில சேக்கிற பாதுகாப்பு) போடலாம்?

கட்டாயம் கிடையாது, எந்த கம்பெனியில வேணா நீங்களே எடுத்து பாலிசி காப்பியை குடுக்கலாம். புது காருக்கு தேர்ட் பார்ட்டி 3 வருஷம் சேத்து எடுக்கணும், சொந்த டேமேஜ் 1 வருஷம் போதும். நான் வெளிய ஒரு கொட்டேஷன் வாங்கி அதே ஐடிவி (பாலிசியில வண்டிக்கு போடுற மதிப்பு), அதே ஆட்-ஆன்னு வரிக்கு வரி பக்கத்துல வச்சு காட்டினேன், சேல்ஸ் தம்பி உள்ள போய் பேசிட்டு வந்து குறைச்சாரு.

ஜீரோ டெப், அதாவது பாகம் பழசானதுன்னு காசு பிடிக்காத ஆட்-ஆன், எடுங்க, இல்லாட்டி கிளெய்ம்ல பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்கு பாதி காசு பிடிச்சுக்குவாங்க, இந்த வண்டியில பாடி ஓரம் சுத்தி ஒட்டியிருக்கிற கிளாடிங்கே பிளாஸ்டிக்தான். ஐப்பசி கார்த்திகை மழையை பாத்தவங்க, தண்ணி புகுந்து இன்ஜின் கெட்டா காசு தர்ற இன்ஜின் புரொடெக்டும் போட்டுடுங்க. தண்ணியில வண்டி நின்னா மறுபடி ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க, இழுத்துட்டு போறதுக்கு கூப்பிடுங்க. துருவுக்கு எந்த பாலிசியும் காசு தராது, அது நம்ம கையிலதான்.

வண்டி வந்து ரெண்டு மாசத்துல டச் ஸ்கிரீன் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. மூணு தடவை சர்வீஸுக்கு விட்டாச்சு, "இது நார்மல் சார்"னு திருப்பி அனுப்புறாங்க. தொண்டியில இருந்து ஒவ்வொரு தடவையும் ராம்நாடு போய் வர்றோம். என்ன பண்ணலாம்?

எனக்கும் இப்படி ஒண்ணு நடந்துச்சு, பின் கேமராவுக்குள்ள நீர் பூத்து ரிவர்ஸ்ல ஒண்ணுமே தெரியல, அதே "நார்மல்" பதில்தான் வந்துச்சு. தப்பு என் பக்கமும் இருந்துச்சு, வண்டியை சர்வீஸுக்கு விடும்போது எழுதுற ஜாப் கார்டுல "ஜெனரல் செக்அப்"னு மட்டும் எழுதியிருந்தாங்க, நான் படிக்காம கையெழுத்து போட்டுட்டேன். அடுத்த தடவை என் வார்த்தையிலயே எழுத வச்சேன், எந்த தேதி, எத்தனை கிலோமீட்டர்ல, என்ன ஆச்சுன்னு, வீடியோவையும் மெயில்ல அனுப்பினேன், கேமராவை வாரண்டியில மாத்தி குடுத்தாங்க.

நீங்களும் முதல்ல மூணு ஜாப் கார்டு காப்பியையும் கேட்டு வாங்குங்க. கம்பெனி கஸ்டமர் கேருக்கு எழுத்துல புகார் அனுப்புங்க. சரியா வரலைன்னா 1915-க்கு போன் பண்ணி பதிவு பண்ணலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மேலன்னா ராமநாதபுரத்துலயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், வண்டியை மதுரையில வாங்கியிருந்தாலும் அங்க அலைய வேண்டாம். நீங்க குடுத்த விலை 50 லட்சத்துக்குள்ளன்னா இங்கயே எடுத்துக்குவாங்க, 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும் வண்டின்னா கட்டணம் 400 ரூபா, வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம். பிரச்சினை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வண்டியையே மாத்திக் குடுன்னு கேட்டா தயாரிப்புலயே குறைன்னு நிரூபிக்கணும், அது கஷ்டம், ஸ்கிரீன் யூனிட்டை மாத்திக் குடு, அலைஞ்சதுக்கு நஷ்டஈடு குடுன்னு கேளுங்க. அடுத்த தடவை சர்வீஸ் சென்டர் போறப்ப ஸ்கிரீன் ஆஃப் ஆகுற வீடியோ போன்ல ரெடியா இருக்கட்டும், ஜாப் கார்டை முழுசா படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.